தொலைமருத்துவமும் நம் ஜமாஅத்தின் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கண்ணியமிகு முத்தவல்லி அவர்களே, ஜமாஅத் நிர்வாகப் பெருமக்களே, வருகை தந்துள்ள உலமாப் பெருந்தகைகளே, எலவனாசூர்கோட்டை மஹல்லாவாசிகளே, திரைக்கு அப்பால் அமர்ந்து செவிமடுக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! 

செயலாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்துவிட்டார்கள். இனி இமாம் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ சிறிது பேசுவார், அதன்பின் துஆ, அதன்பின் உணவு என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். இன்று மருத்துவத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்கின்றேன். மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்றவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பள்ளிவாசல் படியருகே நிற்கும் வரிசையை நீங்கள் அன்றாடம் காண்கின்றீர்கள். இடுப்பில் குழந்தையுடன் தாய்மார்கள், கையில் செம்பிலோ புட்டியிலோ தண்ணீருடன் முதியவர்கள். அவர்களுள் பலர் பிற சமயச் சகோதரிகள். குழந்தை பால் குடிக்கவில்லை, இரவில் திடுக்கிட்டு அழுகிறது, காய்ச்சல் மூன்று நாளாய் இறங்கவில்லை என்று சொல்வார்கள். நான் ஓதி ஊதுவேன், தண்ணீரில் ஓதிக் கொடுப்பேன். ஓதிப் பார்ப்பது நபிவழியில் இடம் பெற்றுள்ள காரியமே. அதைக் குறைத்துச் சொல்ல நான் இங்கு நிற்கவில்லை. ஆனால் இந்த ஊரில் நோயாளியை முதலில் காண்பவர்களுள் ஒருவன் நான் என்பதை நான் நெடுங்காலம் உணராமல் இருந்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் காலில் புண்ணோடு வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். செருப்பு கடித்த புண் என்றார். மூன்று வாரம் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். சர்க்கரை பார்த்தீர்களா என்ற ஒரு கேள்வியை அந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாது. இறுதியில் புதுச்சேரி வரை கொண்டுசென்று, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் அவர் என்னைக் கண்டால் முதலில் ஸலாம் சொல்வார். அந்த ஸலாம் எனக்குப் பாரமாக இருந்தது. அவருடைய ஜனாஸாவையும் நானே தொழவைத்தேன்.

நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவை அணுகுமாறு நாயகமே வழிகாட்டியதாக ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். அகழ்ப் போரில் மற்றொரு தோழரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தபோது, அண்ணலார் தாம் அடிக்கடி சென்று நலம் விசாரிக்க ஏதுவாக, மஸ்ஜிதுந் நபவியிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயமுற்றோருக்கு மருந்திட்டவர் அஸ்லம் குலத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பள்ளிவாசலின் வளாகத்தில் நோயாளிக்கு இடம் கொடுப்பது நாம் புதிதாகக் கண்டுபிடிக்கும் வழக்கமன்று.

இனி நம் ஊருக்கு வருவோம். சிறு நோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, உளுந்தூர்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய நோய் என்றால் முண்டியம்பாக்கம் அல்லது புதுச்சேரி ஜிப்மர். ஜிப்மருக்குப் போகிறவர்கள் ஃபஜ்ருக்கு முன்பே எழுந்து புறப்படுவதை நாமறிவோம். ஒரு முதியவருக்குத் துணையாக ஒருவர் போனால் இருவருடைய கூலியும் போயிற்று. மருத்துவர் பார்ப்பது ஐந்து நிமிடம். மாத்திரையைத் தொடருங்கள், அடுத்த மாதம் வாருங்கள் என்பார். அடுத்த மாதம் அவர் போவதில்லை. மாத்திரை நிற்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஒருநாள் காலை வாய் கோணி விழுகிறார். நம் தெருக்களில் இப்படி விழுந்தவர்களை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த ஐந்து நிமிடத்தை ஊரிலிருந்தே பெற வழி உண்டு. அதைத்தான் தொலைமருத்துவம் என்கின்றனர். நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறிடத்திலும் இருக்க, முகம் பார்த்துப் பேசி, பரிசோதனை முடிவுகளைப் பார்த்து மருந்தெழுதும் முறை அது. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் கிராமத்து மருத்துவமனையில் 2000 மார்ச் 24 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் இத்தகைய இணைப்பைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு முதல் இஸ்ரோ நிறுவனம் செயற்கைக்கோள் வழியே இத்தகைய இணைப்புகளைத் தரத் தொடங்கிற்று. நம் மார்க்கச் சகோதரர்கள் வாழும் லட்சத்தீவும் அந்த இணைப்பைப் பெற்றது. அன்று அதற்குப் பெரிய தட்டு ஆண்டெனாவும் தனி அறையும் வேண்டியிருந்தன. இன்று நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே போதும்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி என்ற சேவை 2019 நவம்பரில் தொடங்கிற்று. சுகாதார நிலையத்தில் இருப்பவர் பெரிய மருத்துவமனை மருத்துவரிடம் கலந்து பேசுவது அதன் ஒரு பிரிவு. வீட்டிலிருந்தே நோயாளி மருத்துவரிடம் பேசும் மற்றொரு பிரிவு, கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரல் 13 அன்று தொடங்கப்பட்டது. கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தால் டோக்கன் வரும். முறை வந்ததும் மருத்துவர் திரையில் தோன்றுவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு கைப்பேசிக்கே வந்து சேரும். கட்டணம் கிடையாது. அவ்வாண்டு டிசம்பரில் நாடு முழுவதும் 10 லட்சம் ஆலோசனைகள் நிறைவுற்றபோது, மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலம் நம் தமிழ்நாடுதான். 2023 பிப்ரவரியில் அந்த எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. இவ்வளவு பேர் பயன்படுத்திய சேவையை நம் தெருவில் எத்தனை வீட்டார் அறிவர்?

ஊரடங்கு நாட்களில் நான் கண்ட ஒரு காட்சி. பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை இல்லை. நானும் முஅத்தினும் மட்டும் இருந்தோம். பக்கத்து வீட்டு மூதாட்டிக்குத் தலைச்சுற்றல். அவருடைய பேத்தி, நம் மக்தபில் ஓதிய பிள்ளை, இ-சஞ்சீவனியில் பதிவு செய்து பாட்டியின் முன் கைப்பேசியை வைத்தாள். திண்ணையில் அமர்ந்திருந்த எனக்குப் பேச்சு கேட்டது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று மருத்துவர் கேட்கிறார். "வெள்ளை மாத்திரை" என்கிறார் பாட்டி. எத்தனை வேளை என்றால், "நெனப்பு வந்தா போடுவேன்" என்கிறார். மருத்துவர் எவ்வளவு கற்றவராயினும் இதற்கு என்ன செய்வார்? பேத்திதான் மாத்திரை அட்டையைக் கேமராவின் முன் பிடித்தாள். சுகாதார நிலையத்தில் முன்பு எழுதிக் கொடுத்த சீட்டைத் தேடியெடுத்துக் காட்டினாள். எதிர்வீட்டிலிருந்து இரத்த அழுத்தக் கருவியை வாங்கிவந்து அளந்து சொன்னாள். பத்து நிமிடத்தில் மருத்துவருக்குக் காரணம் விளங்கிவிட்டது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் வாங்கிப் பாட்டி விழுங்கியிருக்கிறார்.

அன்று அந்தப் பேத்தி வீட்டில் இல்லாதிருந்தால் திரையும் இணைப்பும் மருத்துவரும் இருந்தும் ஒரு பயனும் விளைந்திராது. நான் உங்கள் முன் வைக்க வந்த செய்தி இதுதான். மருத்துவரை அந்தப் பக்கத்தில் அரசாங்கம் அமர்த்தியிருக்கிறது. இந்தப் பக்கத்தில், நோயாளியின் அருகில் அமரப் போகிறவர் யார்?

இது என் ஊகமன்று. தமிழ்நாட்டில் இத்துறையில் வெற்றி கண்டவர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்து ஆளைத்தான் முதலில் தயார் செய்துள்ளனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய நிறுவனம் அது. சிற்றூர்களில் அவர்கள் நடத்தும் பார்வை மையங்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை. அங்கு கண் மருத்துவர் இருப்பதில்லை. கிராமத்துப் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கண் பரிசோதனையில் பயிற்சி அளித்து அமர்த்தியுள்ளனர். அவர்கள் கண்ணைச் சோதித்துப் படமெடுத்து அனுப்ப, தொலைவில் இருக்கும் மருத்துவர் பார்த்து நோயாளியுடன் திரையில் பேசுகிறார். கண்ணாடி போதுமானவர் அங்கேயே கண்ணாடி பெறுகிறார். அறுவை தேவைப்படுபவர் மட்டுமே பயணம் செய்கிறார்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருப்பினும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டனர். மனம் நோயுற்றவரைச் ஷைத்தான் பிடித்தவர் என்று சொல்லிக் கட்டி வைக்கும் வழக்கத்தில் நம் சமுதாயத்துக்கும் பங்கு இருந்தது. அவர்களை அங்குக் கொண்டுபோய் விட்டவர்களுள் பலர் வேறு வழி அறியாத ஏழைகள். மனநல மருத்துவர் எங்கே இருக்கிறார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தைக் கொண்டு இதற்கு விடை கண்டது. பேருந்துக்குள் ஓர் ஆலோசனை அறை, அதில் ஒரு திரை, சென்னையிலிருந்து மனநல மருத்துவர், பேருந்திலேயே மருந்து. பேருந்து வருமுன் வீடு வீடாகச் சென்று, வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்த குடும்பங்களிடம் பேசி அழைத்து வந்தவர்கள் உள்ளூர்ப் பணியாளர்கள். அவர்கள் இல்லையேல் பேருந்து வெறுமனே நின்றுவிட்டுப் போயிருக்கும் என்பது என் எண்ணம். இன்று மனநல உதவிக்கென்றே 14416 என்ற எண் இருக்கிறது. டெலி-மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10 முதல் இரவும் பகலும் இயங்கும் அச்சேவையில் தமிழிலேயே பேசலாம். ஓதிப் பார்க்க என்னிடம் அழைத்து வருவோருக்கு நான் ஓதுவதுடன் இந்த எண்ணையும் எழுதிக் கொடுக்கின்றேன்.

இயந்திரத்தின் வழியே வைத்தியமா என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். தொழுகைக்கு ஒலிபெருக்கி வைக்கலாமா என்று உலமாக்கள் ஒரு காலத்தில் நெடிது விவாதித்தனர். இன்று அது பழுதானால் முதலில் வந்து என்னிடம் குறை சொல்பவர்கள் நீங்கள்தாம். வளைகுடாவில் இருக்கும் மகன் இரவுதோறும் தாயின் முகத்தைத் திரையில் பார்க்கிறான், "ஏன் கால் வீங்கியிருக்கு?" என்று அங்கிருந்தே கேட்கிறான். அதே திரையில் மருத்துவர் அதையே கேட்டால் என்ன குறை?

பெண்களைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. அன்னிய ஆடவர் முன் திரையில் தோன்றலாமா என்று கேட்கின்றனர். சிகிச்சைக்காக, தேவையான அளவுக்கு மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே முதலில் நாட வேண்டும். உடன் ஒரு பெண்ணோ மஹ்ரமோ இருப்பது அழகு. ஆனால் நான் காணும் குறை வேறு. மனைவியின் வலியைக் கணவர் சொல்கிறார். மருத்துவர் கேட்டால், "அவளுக்கு வயித்து வலிங்க" என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார். எத்தனை நாளாக, எந்தப் பக்கம், மாதவிடாய் முறையாக உள்ளதா என்று அடுத்துக் கேட்டால் அவருக்குத் தெரியாது. சகோதரர்களே, நோய் அவர்களுடையது. அவர்கள் வாயால் அவர்களே பேசட்டும்.

அடுத்தது அமானிதம். நம் ஊரில் அஸருக்கு ஒருவர் மருந்துக் கடைக்குப் போனால் இஷாவுக்குள் என்ன நோயென்று தெருவே பேசுகிறது. திருமண வயதுப் பெண்ணுக்கு வலிப்பு என்றோ தைராய்டு என்றோ வெளியே தெரிந்தால் வரன் நின்றுவிடும் என்ற அச்சத்தில் மருத்துவரிடமே போகாத குடும்பங்கள் உண்டு. ஆகவே நோயாளியின் அருகில் அமர்பவர் வாய் காக்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். மருந்துச் சீட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "துஆ செய்யுங்கள்" என்று கேட்பது நல்லெண்ணமாயினும் அமானித மோசமே.

ஷஅபான் மாதம் பிறந்தால் என்னிடம் வரும் கேள்விகளை எண்ணிப் பார்க்கின்றேன். "ஹளரத், எனக்குச் சர்க்கரை இருக்கு, நோன்பு வைக்கலாமா?" என்று கேட்கின்றனர். இன்சுலின் ஊசியால் நோன்பு முறியாது என்று பெரும்பாலான உலமாக்கள் கூறியுள்ளனர். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதாலும் முறியாது. இது என்னால் சொல்லக் கூடிய பதில். ஆனால் இவருடைய உடல் பதினான்கு மணி நேரப் பட்டினியைத் தாங்குமா, மாத்திரையை ஸஹருக்கு எவ்வளவு, இஃப்தாருக்கு எவ்வளவு என்று மாற்றுவது, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் எந்த அளவில் நோன்பை விடுவது என்பவற்றைச் சொல்ல நான் யார்? நம்பகமான மருத்துவரின் சொல்லைக் கேட்டே இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் என்னைக் கட்டிப் போட்டிருக்கின்றன. ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே இவர்கள் அனைவரும் திரையின் முன் அமர்ந்து மருத்துவரிடம் கேட்டுவிட்டால், அவர்களுடைய நோன்பும் காக்கப்படும், என் ஃபத்வாவும் காக்கப்படும்.

ஆயினும் திரைக்கு ஓர் எல்லை உண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை கால் திடீரென விழுதல், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, பாம்புக்கடி ஆகியவற்றுக்குத் தொலைமருத்துவமும் இல்லை, தண்ணீர் ஓதுவதும் இல்லை. உடனே 108. கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தவரைப் பள்ளிவாசலுக்குத் தூக்கி வந்தால் ஒரு நிமிடம்கூட நான் நிறுத்தி வைக்க மாட்டேன். வழியில் ஓதுகிறேன் என்று சொல்லி வண்டியில் ஏற்றுவேன். மருத்துவருக்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள். 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். போதை தரும் மருந்துகளைத் திரை வழியே எழுதக் கூடாது. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் கருதினால் அனுப்பிவிட வேண்டும். எனவே திரையில் மருத்துவர் "நேரில் வாருங்கள்" என்றால் ஏமாற்றம் கொள்ளாதீர்கள். யார் வீட்டிலிருக்கலாம், யார் புறப்பட வேண்டும் என்று பிரித்துச் சொல்வதே பெரிய உதவி.

மேற்கே கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நம்மைவிடப் பன்மடங்கு தேவை இருக்கிறது. ஆனால் அங்குப் பல சிற்றூர்களில் கைப்பேசிக்குச் சிக்னலே கிடைப்பதில்லை. எங்கே மருத்துவர் மிகத் தொலைவோ அங்கே திரையும் தொலைவாகி விடுகிறது. இதைச் சொல்வது, கைப்பேசியைக் காட்டி மருத்துவர் பணியிடத்தைக் காலியாக வைத்திருக்க யாருக்கும் இடம் தரக் கூடாது என்பதற்காகவும்தான். தொலைமருத்துவம் வந்துவிட்டது, இனி சுகாதார நிலையத்தில் ஆள் எதற்கு என்று ஒருநாள் சொல்லப்பட்டால், முதலில் மனு எழுதுவது நம் ஜமாஅத்தாக இருக்க வேண்டும்.

இனி என் வேண்டுகோள். மதரஸா கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சந்தூக்கு வைத்திருக்கும் அறைக்கு அடுத்த அறை காலியாகக் கிடக்கிறது. சந்தூக்குக்குப் பக்கத்தில் வைத்தியமா என்று சிரிக்காதீர்கள், ஊரில் வேறு அமைதியான அறை நமக்கு இல்லை. அதில் ஒரு கணினி, ஒரு மேசை, தடுப்புத் திரை, இரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, வெப்பமானி, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, எடை பார்க்கும் இயந்திரம் ஆகியவை வேண்டும். வாரத்தில் இரு காலைப் பொழுதுகள் திறந்திருந்தால் தொடக்கத்துக்குப் போதும். உட்காருவதற்கு நம் மக்தபில் ஓதி, பள்ளிப் படிப்பை முடித்து வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைகள் இருவரும், இளைஞர்கள் இருவரும் வேண்டும். கருவிகளைக் கையாளச் சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டுப் பழக்கிக் கொள்ளலாம். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர்களும் 2021 முதல் இருக்கின்றனர். அவர்களுடன் போட்டியிடாமல், அவர்களிடம் பெயர் விடுபட்டவர்களை நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு மஸ்அலா சொல்லியாக வேண்டும். கருவிகளையும் கணினியையும் ஜகாத் பணத்தில் வாங்கக் கூடாது. ஜகாத் என்பது உரிய ஏழையின் கையில் உடைமையாகப் போய்ச் சேர வேண்டியது. பொதுப் பயன்பாட்டுக்குரிய பொருளுக்குச் சந்தாவும் நன்கொடையுமே வழி. ஆனால் திரையில் மருத்துவர் எழுதிய மருந்தை வாங்க முடியாத ஏழை முஸ்லிமுக்கும், "நேரில் வா" என்று சொல்லப்பட்டும் பேருந்துக் கட்டணம் இல்லாதவருக்கும் பைத்துல்மாலின் ஜகாத்திலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். பிற சமயத்து ஏழைகளுக்கு ஸதகாவிலிருந்து கொடுப்போம். மஃரிபுக்குப் பின் படியருகே நிற்கும் அந்தச் சகோதரிகளை இவ்வறையின் வாசலில் நிறுத்தி, நீங்கள் எந்த மதம் என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

நிர்வாகம் இதனைத் தீர்மானமாக எடுத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெண்கள் தம் பெயரை என் வீட்டில் கொடுக்கலாம். என் வீட்டிலுள்ளவர் எழுதிக் கொள்வார். காலில் புண்ணுள்ளவர் எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், உணவு முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை நானே வாங்கி வைத்திருக்கின்றேன்.